சரிபார்த்தேன், சரியில்லை

அந்த அலுவலகத்தில் அவளுக்கு அழிரப்பர் அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. கட்டிட வரைபடங்களைச் சரிபார்ப்பது அவள் வேலை. பத்துப் பேர் உட்கார்ந்து வரைவார்கள்; அத்தனையும் கடைசியில் அவள் மேசைக்கு வந்து சேரும். கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கிறதா, மாடிப்படி ஏறுகிறவன் தலை உத்தரத்தில் முட்டுகிறதா, ஒரு தாளில் மூன்று மீட்டராக இருந்த சுவர் அடுத்த தாளில் மூன்றே கால் ஆகிவிட்டதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். கையால் வரைந்த காலத்தில் தப்பான கோட்டை அவளே அழித்துத் திருப்பி அனுப்புவாள். கணினி வந்த பிறகு சிவப்புப் பென்சிலால் சுழிக்கிறாள். பெயர் மட்டும் மாறவில்லை.

இருபத்தாறு வருஷத்தில் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத வரைவாளர் அந்தத் தீவில் கிடையாது. "இந்த ஜன்னல் வழியா யார் எட்டிப் பார்ப்பா, ஒட்டகமா?" என்று கேட்டாள் என்றால், ஜன்னலை ஓர் அடி கீழே இறக்கு என்று அர்த்தம். மனசில் பட்டதை மென்று முழுங்க அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்நேரம் பெரிய பதவியில் இருந்திருப்பாள் என்று சொல்கிறவர்கள் உண்டு. இருந்து என்ன செய்திருப்பாள் என்பதை யாரும் சொல்வதில்லை.

அலுவலகத்தின் தலைமைக் கட்டிடக் கலைஞரை எல்லாரும் பெரிய சார் என்பார்கள். கடல் தாண்டிப் போய்ப் படித்துவிட்டு வந்தவர். அவர் வருவதற்கு முன்னால் அந்த அலுவலகம் கண்ணாடியும் சிமெண்டுமாகப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தது. உள்ளே உட்கார்ந்தவன் மத்தியானத்துக்குள் வெந்துவிடுவான். பெரிய சார் வந்தார், தீவின் பழைய வீடுகளைத் தெருத் தெருவாகப் போய்ப் பார்த்தார், படமெடுத்தார், அளந்தார். வெள்ளம் அடியில் ஓடிப்போகக் கால் வைத்து உயர்த்திய தரை, மழை நிற்காமல் வழுக்கிப்போகச் செங்குத்தான கூரை, காற்று வடிகட்டி வரப் பலகைச் சட்டங்கள் வைத்த சுவர், சுற்றிலும் வராண்டா. இதையெல்லாம் இரும்பிலும் புது மரத்திலும் கொண்டுவந்தார். சும்மா சொல்லக் கூடாது, மனிதருக்குக் கண் இருந்தது. அவர் கட்டிய நூலகத்துக்குள் நடுப்பகலில் போனாலும் மின்விசிறி வேண்டியதில்லை. அக்காவுக்கு அவர்மேல் மரியாதை இருந்தது. அதனால்தான் நாற்பத்தோராம் தாளைப் பார்த்தபோது அவளுக்கு அப்படிக் கோபம் வந்தது.

அது புது மருத்துவமனைக்கான வரைபடம். கடலோரத்தில், பழைய மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே, நாற்பது படுக்கை. புயல் வந்தால் கரையோரத்து மக்கள் ஒதுங்குவதற்கும் அதுதான் இடம் என்று அரசாங்கம் முடிவு செய்திருந்தது. அக்காவின் தங்கை பழைய மருத்துவமனையில் மருந்து கொடுக்கிறவள். புதுசு எழும்பினால் அவள் கவுண்டரும் அங்கே போகும். புயலன்று ஊர் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரும். தங்கைக்கு மட்டும் அன்றைக்குத்தான் வேலை அதிகம்.

நாற்பத்தோராம் தாளில் கூரையைக் குறுக்கே வெட்டிக் காட்டியிருந்தது. முகட்டில் கிளம்பிய கூரை சுவரைத் தாண்டி, வராண்டாவையும் மூடி, வெளித் தூண் வரைக்கும் ஒரே வீச்சில் இறங்கியது. பார்க்க அழகுதான். ஆனால் கூரையைத் தாங்கும் சாய்வு மரங்கள், கைமரங்கள், உச்சியிலிருந்து தூண் வரைக்கும் ஒரே நீளமாக ஓடின. சேருமிடங்களில் எல்லாம் போல்ட். அக்கா தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேரே பெரிய சார் அறைக்குப் போனாள். அவரோடு பொறியாளரும் இருந்தார்.

"சார், வராண்டாக் கூரை தனியா இருக்கணும். பெரிய கூரைக்குக் கீழ ஒரு முழம் எடம் விட்டு, சுவத்துல தனியா உக்காரணும். ஒரு மரத்துக்கு நாலு சின்ன ஆணி. அதுக்கு மேல கூடாது."

"எதுக்கு?"

"புயக்காத்து வராண்டாவுக்கு அடியில பூந்து தூக்கும். தனியா இருந்தா அது மட்டும் பிச்சுக்கிட்டுப் போயிடும், உள்ள இருக்கறது தப்பிக்கும். ஒண்ணா இருந்தா மொத்தத்தையும் இழுத்துக்கிட்டுப் போகும்."

பெரிய சார் சிரித்தார். "கழண்டு போறதுக்குன்னே ஒரு கூரை கட்டச் சொல்றீங்களா?"

"ஆமா சார்."

"அந்தக் காலத்துல அவங்ககிட்ட இவ்வளவு நீள மரம் இல்ல. அதனால ரெண்டா வெச்சாங்க. நம்மகிட்ட இருக்கு, ஒண்ணா வெக்கிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்." பொறியாளர் பக்கம் திரும்பினார். "போல்ட் தாங்கும்ல?"

"தாராளமா," என்றார் பொறியாளர்.

தெருத் தெருவாகப் போய் அளந்தவர் ஆணியை எண்ணாமல் வந்துவிட்டார். அக்காவால் அதை மன்னிக்க முடியவில்லை. ஏனென்றால் அதே தப்பை அவள் ஏற்கெனவே செய்தவள்.

அப்போது அவளுக்கு இருபது வயது. வரைகலை டிப்ளமோ முடித்துவிட்டு, தலைகால் புரியாமல் இருந்த சமயம். அப்பா பஸ் ஓட்டுநர். அந்தத் தெருவில் எல்லாரையும் போல அவரும் தன் வீட்டு வராண்டாவைத் தானே போட்டிருந்தார், மரத்துக்கு நாலு ஆணி. மகள் ஏணியில் ஏறிப் பார்த்தாள். "என்னப்பா இது, சோம்பேறி வேலை? காத்தடிச்சா கையோட வந்துடும்" என்றாள். அப்பா என்னவோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, படித்த பெண் சொல்கிறாள் என்று பெருமையாகச் சிரித்துவிட்டு, சாண் நீளப் போல்ட்டாக வாங்கி வந்தார். அவள் படம் போட்டுக் கொடுத்தாள். வராண்டா மரங்களும் வீட்டுக் கூரையும் பட்டைக் கம்பியால் இறுகக் கட்டப்பட்டன.

மூன்று மாதத்தில் புயல் வந்தது, பட்டப்பகலில். காற்று வராண்டாவைத் தூக்கியது. போல்ட் விடவில்லை. வராண்டாவோடு வீட்டுக் கூரை முழுவதும் கிளம்பியது, முகட்டு உத்தரம் உள்ளே விழுந்தது. பதினான்கு வயதுத் தங்கையின் இடது கால் அதற்கு அடியில் இருந்தது. காற்று ஓய்ந்ததும் வெளியே வந்து பார்த்தால், தெருவில் ஒரு வீட்டுக்கும் வராண்டா இல்லை. எல்லா வீட்டுக்கும் கூரை இருந்தது. கூரை போனது ஒரே ஒரு வீட்டில், படித்த பெண் இருந்த வீட்டில். அப்பா சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இப்போது அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அன்று சாயங்காலம் அக்கா விஷயத்தைச் சொன்னதும் தங்கை காலை நீட்டிப் போட்டுக்கொண்டு சிரித்தாள்.

"என் காலை வெச்சு நீ சண்டைக்குப் போகாதே. உனக்கு வயசு நாப்பத்தெட்டு. வேலை போச்சுன்னா எங்க போய் யார் கோட்டை அழிப்பே?"

"நீ உக்காரப்போற எடம்டி அது."

"நான் மட்டுமா? நடக்க முடியாதவன், பிரசவத்துக்கு வந்தவ, மூச்சு வாங்குறவன்னு ஊரே உக்காரப்போகுது." சொல்லிவிட்டுத் தங்கை இடது முழங்காலைத் தடவிக்கொண்டாள். "சரி, போய்ச் சண்டை போடு," என்றாள்.

மறுநாளும் அக்கா பெரிய சாரிடம் சொன்னாள். பெரிய சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதற்கடுத்த நாளும் சொன்னாள். "அழிரப்பர் அம்மா, கொஞ்சம் ரொமாண்டிக்கா யோசிங்க. முகட்டுலேருந்து தூண் வரைக்கும் ஒரே கோடு" என்று காற்றில் வரைந்து காட்டினார்.

அந்த அலுவலகத்து வழக்கம் ஒன்று உண்டு. ஒவ்வொரு தாளின் வலது மூலையிலும் மூன்று கட்டம்: வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர். நடுக் கட்டம் காலியாக இருந்தால் தாள் வாசலைத் தாண்டாது. பெரிய சாரே போட்ட சட்டம். நாற்பத்தோராம் தாள் மட்டும் மூன்று நாளாக அவள் மேசையில் கிடந்தது. நான்காம் நாள் அவரே வந்து நின்றார்.

"கையெழுத்துப் போடுங்கம்மா. எல்லாத் தாளும் மத்தியானம் போகணும்."

அக்கா பேனாவை எடுத்தாள். நடுக் கட்டத்தில், "சரிபார்த்தேன். சரியில்லை" என்று எழுதி, அடியில் கையெழுத்தும் தேதியும் போட்டாள். ஒளித்து எழுதவில்லை; அவர் எதிரிலேயே எழுதினாள். அவர் அதற்குள் போனில் பேச ஆரம்பித்திருந்தார். தாளை வாங்கினார், நடுக் கட்டம் நிரம்பியிருந்தது, பக்கத்துக் கட்டத்தில் தன் கையெழுத்தைப் போட்டுக்கொண்டே நடந்தார். சாயங்காலத்துக்குள் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்குவார் என்று அவள் காத்திருந்தாள். யாரும் கூப்பிடவில்லை.

தாள் நகரசபைக்குப் போய் முத்திரையோடு வந்தது. தீயணைப்புத் துறைக்குப் போய் முத்திரையோடு வந்தது. பொதுப்பணி, சுகாதாரம். நாலு முத்திரை. ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் அவள் எடுத்துப் பார்ப்பாள். 'சரியில்லை' அப்படியே இருந்தது. கடைசி முத்திரையின் விளிம்பு அதன் தலையில் லேசாக ஏறியிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. நாற்பது படுக்கைக்கு மேலே நிற்கப்போகிற கூரையை ஒரு மனிதர்கூடப் படிக்கவில்லையே என்று ஆற்றாமையாகவும் இருந்தது. கட்டிட மேஸ்திரியிடம் நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று அவள் தீர்மானித்த வாரத்தில், மேஸ்திரி முந்திக்கொண்டார்.

மேஸ்திரி ஒரு காலத்தில் அடிக்குறிப்பைப் படிக்காமல் ஒரு படிக்கட்டையே திசை மாற்றிக் கட்டியவர். அதை இடித்தபோது பட்ட அவமானத்துக்குப் பிறகு, தாளில் எழுத்து என்று எது இருந்தாலும் படிக்காமல் கல்லை எடுத்து வைப்பதில்லை. அச்சகத்தின் பெயரைக்கூடப் படிப்பார். சுவர் எழும்பி, கைமரங்கள் வந்து இறங்கிய அன்று நாற்பத்தோராம் தாளை விரித்தார். ஆட்களை எல்லாம் டீ குடிக்கப் போகச் சொல்லிவிட்டு, சுகாதாரத் துறை அதிகாரியம்மாவுக்குப் போன் போட்டார்.

"அம்மா, சரிபார்த்தவங்களே சரியில்லைன்னு எழுதியிருக்காங்க. அதுக்கு மேல நீங்க நாலு பேரும் முத்திரை குத்தியிருக்கீங்க. இதை நான் எப்படிக் கட்டுறது?"

அதிகாரியம்மா மறுநாளே எல்லாரையும் சைட்டுக்கு வரச் சொல்லிவிட்டார். அன்று காலை பெரிய சார் அக்காவைக் கூப்பிட்டபோது அவர் முகம் சிவந்திருந்தது. "என்னை ஊர் சிரிக்க வெச்சுட்டீங்க."

"மூணு தடவை வாயால சொன்னேன் சார். நாலாவது தடவை எழுதினேன்."

"அதே படத்தைப் புதுசா ஒரு தாள்ல அடிச்சிருக்கு. ஒழுங்காக் கையெழுத்து மட்டும் போடுங்க. இல்லைன்னா நாளையிலேருந்து வர வேண்டாம்."

"சரி சார். நாளைக்கு வரலை. இன்னிக்கு வருவேன், சைட்ல கூட்டம் இருக்கு."

சொல்லிவிட்டு வெளியே வந்தாள். நேரே சைட்டுக்கு நடந்தாள்.

கூரையில்லாத கட்டிடத்துக்குள், புதுப் பலகைத் தரையில், எல்லாரும் வெயிலில் நின்றார்கள். அதிகாரியம்மா தாளைக் கையில் வைத்திருந்தார். "இதை எழுதினது யாரு?"

"நான்தான்," என்றாள் அக்கா.

பொறியாளர் தன் கணக்கை எடுத்து விளக்கினார். எந்த வேகத்துக் காற்றுக்கும் போல்ட் தாங்கும் என்று முடித்தார்.

"அவர் கணக்கு சரிதாம்மா," என்றாள் அக்கா. "போல்ட் தாங்கும். அதுதான் எனக்குப் பயமே. போல்ட் விடாது, அப்ப எது விடணும்? கூரைதான் சுவத்தை விடணும்."

பெரிய சாருக்குப் பொறுமை போய்விட்டது. "யாரோ எப்பவோ சொன்ன கதையை வெச்சுக்கிட்டு ஆஸ்பத்திரி கட்ட முடியாது. இதுக்கு ஆதாரம் ஏதாவது இருக்கா?"

பலகைத் தரையில் டக், சர்ர், டக், சர்ர் என்று சத்தம் கேட்டது. பழைய மருத்துவமனையிலிருந்து வெள்ளைக் கோட்டோடு தங்கை வந்துகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ தெரியாது. நேரே பெரிய சார் முன்னால் வந்து நின்றாள்.

"ஆதாரம் கேட்டீங்களே. நடந்தே வந்திருக்கு," என்றாள்.

இருபத்தெட்டு வருஷமாக வெளியே சொல்லாததை அக்கா அங்கே சொன்னாள். "எங்க வீட்டு வராண்டாவுக்குப் போல்ட் போடச் சொன்னது நான்தாம்மா. நாலு ஆணி சோம்பேறித்தனம்னு எங்கப்பாவைத் திட்டினேன். அந்தத் தெருவுல எங்க கூரை மட்டும்தான் போச்சு. இவ கால் போனதும் அதுலதான்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் சத்தமாகச் சொன்னாள்: "அதே படத்தை இன்னொரு தடவை சரின்னு சொல்ல என் கையால ஆகாது. வேலையை எடுத்துக்குங்க."

அதிகாரியம்மா மேஸ்திரியைப் பார்த்தார். "உங்க வீட்டு வராண்டா எப்படி?"

"நாலு ஆணிங்கம்மா."

"உங்களுது?" தச்சரைக் கேட்டார்.

"நாலு."

கம்பி கட்டுகிறவர், கலவை போடுகிற பெண்கள், லாரிக்காரர் எல்லாரும் நாலு ஆணிதான். ஒருவர் மூன்று என்று சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தக் கூட்டத்தில் அடுக்கு மாடியில் குடியிருந்தவர்கள் பெரிய சாரும் பொறியாளரும் மட்டும்.

"அப்ப ஏன் இத்தனை நாளா ஒருத்தரும் வாயைத் திறக்கலை?"

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "பெரிய படிப்புப் படிச்சவங்க வரைஞ்சிருக்காங்க. ஏதாவது காரணம் இருக்கும்னு விட்டுட்டோம்."

அப்பா ஏணியடியில் சிரித்த சிரிப்பு அக்காவுக்கு நினைவு வந்தது. அவள் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அதிகாரியம்மா தாளை இரண்டாகக் கிழித்துப் பெரிய சாரிடம் கொடுத்தார். கைமரங்கள் சுவர் வரைக்கும் வரும் அளவுக்கு அறுக்கப்பட்டன. வராண்டாவுக்குத் தனியாக மெல்லிய மரங்கள் வந்தன. அது பறந்தால் விழுவதற்குப் பின்பக்கம் ஒரு பெரிய திறந்த மைதானமும் வரைபடத்தில் ஏறியது. அக்கா மறுநாளும் அலுவலகத்துக்குப் போனாள். வர வேண்டாம் என்று வாயால்தானே சொன்னார், எழுத்தில் வரட்டும் பார்க்கலாம் என்று தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். எழுத்து வரவே இல்லை. பெரிய சார் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. வேலை அதற்காக ஒன்றும் நிற்கவில்லை.

கட்டிடத்துக்கு ஒரு பரிசும் கிடைத்தது. இரண்டு கூரைக்கும் நடுவே விழும் அந்த நிழல் கோடு எவ்வளவு துணிச்சலானது என்று பாராட்டிப் பேசினார்கள். தீவின் பழைய அறிவைத் தான் தேடிக் கண்டெடுத்ததாகப் பெரிய சார் மேடையில் சொன்னார். தங்கை பல்லைக் கடித்தாள். அக்கா எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினாள். "பேரை அவர் வெச்சுக்கட்டும்டி. கூரை ரெண்டா நிக்குதுல்ல," என்றாள்.

அடுத்த வருஷம் புயல் வந்தது. பகல் முழுக்க அடித்தது. தங்கை மருத்துவமனையில் இருந்தாள். கரையோரத்து ஜனம் முந்நூறு பேர் அவளோடு இருந்தார்கள். போன் செத்துவிட்டது. விடிந்ததும் அக்கா சாய்ந்த கம்பங்களைத் தாண்டிக்கொண்டு நடந்தாள். மருத்துவமனை இன்னும் மழை மூட்டத்தில் மறைந்திருந்தது; அதற்கு அரைக் கிலோமீட்டர் இருக்கும்போதே, அந்தப் பின்பக்க மைதானத்தின் கடைசி ஓரத்தில் கூட்டம் தெரிந்தது. சேற்றில் ஒரு நீளக் கூரை தலைகுப்புறக் கிடந்தது.

"ஆஸ்பத்திரிக் கூரைம்மா," என்றார் ஒருவர். "உள்ள எத்தனை பேரோ, பாவம்."

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். முதல் மரத்தைக் கையால் அளந்தாள். மெல்லிசு. அடுத்தது, மெல்லிசு. முனையில் நாலு சின்ன ஆணி, வளையாமல் நேராகப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தன. ஒவ்வொரு மரமாகத் தொட்டுக்கொண்டே போனாள். பெரிய கூரையின் கைமரம் இதைப்போல இரண்டு மடங்கு தடிமன். அதில் ஒரு துண்டுகூட இல்லை. உள்ளே இருப்பது தங்கையாயிற்றே, இன்னொரு சுற்றும் வந்து பார்த்தாள். ஒன்றுகூட இல்லை. அவள் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து சிரித்தாள், சிரிக்கும்போதே கண்ணீரும் கொட்டியது.

"என்னம்மா, உனக்குச் சொந்தக்காரங்க யாராவது உள்ள இருக்காங்களா?"

"தங்கச்சி இருக்கா. நல்லா இருக்கா."

"போய்ப் பாத்துட்டியா?"

"இன்னும் பாக்கலை. இதைப் பாத்தேன், போதும். இது போறதுக்குன்னே போட்டது."

"போறதுக்குன்னு எவனாவது கூரை போடுவானா?"

"நான் போடுவேன்," என்று அக்கா சேற்றைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "வந்து ஒரு கை குடுங்க. தகரம் அவ்வளவா வளையலை. தூக்கி ஓரமா வெச்சா, வெயில் வந்ததும் திரும்ப மாட்டிடலாம்."